இரண்டு நூல் அதிகம்: சிறு தேனீப் பெட்டியோடு மூன்று ஆண்டுகள்

ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்கு, ராணித் தேனீ வளர்க்க, நான்கு சட்டம் (தேனீக்கள் அடை கட்டும் மரச்சட்டகம்) கொள்ளும் சிறு தேனீப் பெட்டிகள் மூன்றை வாங்கி வந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. குடியாத்தத்து நண்பர் ஒருவர் இதே பெட்டியை வாங்கலாமா என்று போன வாரம் கேட்டார். அன்றுதான் ஒரு பெட்டியை ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து எடுத்து வந்திருந்தேன். கோபம் ஆறாத நிலையில் தொலைபேசியில் பதில் சொல்ல மனம் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் பெரிய பெட்டிகள் எல்லாம் இந்தியத் தேனீ வளர்க்கப் பயன்படும் நியூட்டன் வகை. அவற்றோடு பொருந்தும் என்று சொல்லித்தான் இந்தச் சிறு பெட்டிகளை விற்றார்கள். ஆனால் சிறு பெட்டியின் உள்நீளம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், அதிகம். சட்டத்தின் மேல்கட்டையும் அதே அளவுக்கு நீளம். சிறு பெட்டியின் சட்டம், பெரிய பெட்டியில் சட்டத்தின் முனைகளைத் தாங்கும் வரிப்பள்ளத்தில் உட்காராது. பெரிய பெட்டியின் சட்டத்தைச் சிறு பெட்டியில் வைத்தால், முனை நுனியில் தொங்கிக்கொண்டிருந்து, பெட்டியைத் தூக்கும்போது ஒரு பக்கம் நழுவி உள்ளே விழும். போதாக்குறைக்கு, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் மிஞ்சும் இடைவெளியில் தேனீக்கள் துண்டு அடையைக் கட்டி இரண்டையும் ஒட்டவைத்துவிடுகின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கத்தியால் அறுத்துத்தான் சட்டத்தை எடுக்க வேண்டியிருக்கிறது.

சென்ற சித்திரையில் ஒரு பெரிய கூட்டம் ராணியை இழந்தது. இந்தியத் தேனீயில் ராணி இல்லாத கூட்டத்தைக் கவனிக்காமல் விட்டால், பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிடும். அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே வரும். பிறகு அந்தக் கூட்டத்தை மீட்பது மிகக் கடினம். ஆகவே, ஊசியால் துளையிட்ட செய்தித்தாளை இடையில் விரித்து, மேலே ஒரு காலிப் பெட்டியில் சிறு கூட்டத்தின் சட்டங்களை வைத்து இரண்டையும் இணைக்க முனைந்தேன். சட்டம் உட்காரவில்லை. தேனீக்கள் மொய்த்திருக்கும்போதே மேல்கட்டையின் முனையை அரத்தால் தேய்த்தேன். வெயிலில் மெழுகு இளகியிருந்த புது அடை, அந்த அதிர்வில் சட்டத்திலிருந்து பெயர்ந்து விழுந்தது; சிறு கூட்டத்தின் ராணி அதன் அடியில் நசுங்கிக் கிடந்தாள். மாசியில் நானே வளர்த்தெடுத்த ராணி அவள்.

அன்று ராணியில்லாத அந்தப் பெரிய கூட்டத்தைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், அதே வகைச் சிறு பெட்டிதான். இரண்டாவது பெட்டியிலிருந்த ராணியைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்து உள்ளே வைத்தேன். மூன்றாம் நாள் விடுவித்தபோது தேனீக்கள் அவளை ஏற்றுக்கொண்டன. கையில் ஒரு ராணி உபரியாக இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது, இந்தப் பெட்டிகள் வருவதற்கு முன் எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் ஒரு கூட்டம் அழிந்தால் வெளியூரிலிருந்து வாங்கி வர வேண்டும். அவை இந்த ஊர் வெயிலுக்குப் பழகுவதற்குள் பெட்டியை விட்டு ஓடிவிடும். நோயும் கூடவே வரலாம். 1990களின் தொடக்கத்தில் 'தாய் சாக் புரூட்' (Thai sacbrood) என்னும் வைரஸ் நோய், தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்ததை அறிந்தவர்கள், முன்பின் தெரியாத இடத்திலிருந்து கூட்டம் வாங்கத் தயங்குவார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் ஒரு கூட்டம்கூட வாங்கவில்லை.

ராணி வளர்ப்பைப் பொறுத்தவரை இந்தப் பெட்டியின் அளவு மிகச் சரியானது. தை, மாசியில் ஆண் தேனீ அறைகளின் மூடி நடுவே ஊசித்துளை தெரியத் தொடங்கியதும், ராணியோடு இணைசேர ஆண் தேனீக்கள் வரப்போகின்றன என்று கூட்டத்தைப் பிரிக்கத் தயாராகிறேன். முதிர்ந்த ராணி அறை உள்ள சட்டம் ஒன்று, மூடிய புழு அறைகள் நிறைந்த சட்டம் ஒன்று, தேனும் மகரந்தமும் உள்ள சட்டம் ஒன்று, அவற்றை மூடும் அளவுக்குத் தேனீக்கள், இவ்வளவே போதும். ராணி அறையின் நுனி மெழுகைத் தேனீக்கள் சுரண்டி எடுத்து, உள்ளிருக்கும் பழுப்பு நிறக் கூடு வெளியே தெரிந்தால், ஓரிரு நாளில் ராணி வந்துவிடும். அதன்பின் இரண்டு வாரம் பெட்டியைத் தொடுவதில்லை. ராணி இணைசேரப் பறக்கும் பிற்பகல்களில் மின்கம்பியில் தேனீயைப் பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டான் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். ஒரு ராணி திரும்பவே இல்லை. திரும்பிய ராணிகளின் பெட்டியைத் திறந்து, அறைக்கு ஒன்றாக அடியில் நிற்கும் வெள்ளை முட்டையை வெயிலுக்குச் சாய்த்துப் பார்க்கும் நிமிடத்துக்காக எத்தனை துண்டு அடையையும் அறுக்கலாம் என்று தோன்றும்.

கோடையில் சிறு கூட்டம் சூட்டைத் தாங்காது என்பதால், பங்குனி முதல் மூன்று பெட்டிகளையும் புளியமரத்து அடி நிழலுக்கு மாற்றி, மேலே ஈரச் சாக்கு போடுகிறேன். எறும்பு ஏறாமலிருக்க, பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாலே போதும்.

ஆசாரி பெட்டியைக் கையில் வாங்கியதும், "இதுக்கு யாரு சார் அளவு குடுத்தது?" என்று கேட்டார். இரண்டு நூல் கனமுள்ள பலகை ஒன்றை உள்பக்கம் ஓர் ஓரத்தில் வைத்து, அதில் வரிப்பள்ளம் எடுத்து, ஆணி அடித்துக் கொடுத்தார். அரைமணி நேர வேலை. இப்போது பெரிய பெட்டியின் சட்டம் அதில் அழகாக உட்காருகிறது. செய்தவர்கள் ஒரே ஒரு முறை சட்டத்தை வைத்துப் பார்த்திருந்தால், மூன்று ஆண்டு அவதியும் ஒரு ராணியின் உயிரும் மிச்சமாகியிருக்கும்.

எனவே நண்பருக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். உங்கள் பெரிய பெட்டியிலிருந்து ஒரு காலிச் சட்டத்தை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போய், அந்தச் சட்டத்தை அளவாகக் கொடுத்து, தைக்கு முன் இரண்டு பெட்டியாவது செய்துகொள்ளுங்கள். முதல் ராணி அறையை என் தோப்பிலிருந்து நானே கொண்டுவந்து தருகிறேன்.