இரண்டே ராத்திரியில் வீடு: மார்பக ஆபரேஷன் செய்துகொண்ட மருத்துவமனை பற்றி

எனக்கு வயசு 51. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே ஓவர்லாக் தைத்துக் கொடுக்கிறேன். போன ஆவணியில் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடது மார்பகத்தை எடுத்தார்கள். திங்கள் சாயங்காலம் அட்மிஷன், செவ்வாய் காலை ஆபரேஷன், புதன் மதியம் டிஸ்சார்ஜ். என் பெரியம்மா இதே ஆபரேஷனுக்குப் பத்து நாளுக்கு மேல் வார்டில் கிடந்தவர். அதனால் புதன்கிழமையே போகலாம் என்றபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

டாக்டரம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் ராத்திரி கட்டில் ஓரம் உட்கார்ந்து காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நீல மருந்து ஊசி போடுவோம், அது அக்குளில் முதலில் போய்ச் சேருகிற நெறிக்கட்டியை (நிணநீர் முடிச்சை) எடுத்துப் பரிசோதிப்போம், அதில் நோய் இருந்தால்தான் மற்றதில் கை வைப்போம் என்றார். "நாளைக்கு ஒண்ணுக்குப் பச்சையாப் போகும், பயப்படாதீங்கம்மா." அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பாத்ரூமில் அலறியிருப்பேன். வலியும் பயந்த அளவுக்கு இல்லை. புதன் காலை நானே நடந்துபோய்ப் பல் தேய்த்தேன்.

கிளம்பும்போதுதான் கோட்டை விட்டார்கள். விலாவில் செருகிய டியூபோடுதான் அனுப்புகிறார்கள். அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் ரத்தம் கலந்த நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். தினமும் அளந்து, கொட்டி, டப்பாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். இதை என் வீட்டுக்காரருக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் அவர் பில் கவுன்ட்டருக்கும் மருந்துக்கடைக்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ஐந்து நிமிஷம். என்னிடம் யாரும் காட்டவில்லை.

அன்று ராத்திரியே நீர் இறங்குவது நின்றுவிட்டது. கொடுத்த நம்பருக்கு நாலு தடவை போட்ட பிறகு எடுத்து, "காலையில ஓ.பி.க்கு வாங்க" என்றார்கள். பக்கத்துத் தெருவில் நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயரான அக்கா ஒருத்தர் வந்து, டியூபை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகை விரலால் மேலிருந்து கீழே மெல்ல உருவிவிட்டார். உறைந்திருந்த ரத்தம் நகர்ந்தது, நீர் இறங்கியது. இதை வார்டிலேயே ஒரு தடவை என் கையால் செய்ய வைத்திருந்தால் நானும் மகளும் அந்த ராத்திரி அப்படி அழுதிருக்க மாட்டோம்.

டப்பாவில் இறங்கும் நீர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தினம் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகு, ஒன்பதாம் நாள் டியூபை எடுத்தார்கள்.

பிசியோதெரபி பொண்ணு மட்டும் தங்கம். சுவரில் விரலால் ஏறச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட வைத்தாள். தையல்காரிக்குக் கை எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. மேல்கை உள்பக்கம் மரத்துப்போகும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சீக்கிரம் அனுப்பியது தப்பென்று சொல்ல மாட்டேன். சொந்தப் பாயில் தூக்கம் வந்தது. ஆனால் வார்டில் பார்வையாளர் நேரம் என்று ஒன்று உண்டு, வீட்டில் இல்லை. பார்க்க வந்தவர்களுக்கு மூன்றாம் நாளே நான் எழுந்து டீ போட்டேன். வீட்டில் இருந்தால் குணமாகிவிட்டாள் என்று எல்லோருக்கும் நினைப்பு. டிஸ்சார்ஜ் அன்று வீட்டு ஆட்களை நிற்க வைத்து, இவங்க இத்தனை நாள் வெயிட் தூக்கக்கூடாது, அடுப்படிக்குப் போகக்கூடாது என்று மருத்துவமனையே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்கு ஐந்துக்கு ஐந்து, அனுப்பி வைத்த விதத்துக்கு இரண்டு. போகிறவர்கள் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு, மில்லி கோடு போட்ட கப் ஒன்று எடுத்துப் போங்கள். டப்பாவை உங்கள் கையாலேயே ஒரு தடவை கொட்டி மூடிக் காட்டி, சிஸ்டர் சரி என்ற பிறகு டிஸ்சார்ஜ் பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள்.