சரவணம்பட்டி ஆறு பேர் வீடு: அடுப்படிக்காகவே எடுக்கலாம்

கோவை சரவணம்பட்டியிலிருந்து காளப்பட்டி போகிற பக்கம், தரைத்தளத்தில் மூன்று படுக்கையறை, ஒரு ஹால், ஒரு அடுப்படி. ரூமுக்கு இரண்டு பேராக ஆறு பசங்க. வீட்டுக்கார அம்மா மாடியில். ஐடி பார்க்கைச் சுற்றியிருக்கும் பிஜிக்களை, அதாவது ஆளுக்கொரு கட்டில் வாடகைக்குத் தரும் விடுதிகளை, பார்த்துவிட்டு வந்தால் கட்டிலும் பீரோவும் இங்கே சுமார்தான். ஆனாலும் இந்த வீட்டைத்தான் சிபாரிசு செய்வேன். ராத்திரி எட்டரைக்கு ஹாலில் பாய் விரித்து ஆறு தட்டு வைக்கிறார்கள். பிஜியில் வருஷக்கணக்கில் இருந்தும் பக்கத்துக் கட்டில்காரருக்கு எந்த ஊர் என்று தெரியாமலே காலி செய்கிறவர்கள் நிறைய. வெளியூரிலிருந்து கோவைக்கு வேலைக்கு வருகிறவருக்கு அந்தத் தட்டுதான் பெரிய விஷயம்.

இது தானாக நடப்பதில்லை. திங்கள் முதல் சனி வரை தினமும் இரண்டு பேர் முறை: ஒருவர் சமையல், இன்னொருவர் பாத்திரம். சமைத்தவர் கழுவக் கூடாது. ஒரே ஷிப்டில் இருக்கும் இருவரைச் சேர்த்துப் போடுவதில்லை. போட்டால் ஷிப்ட் மாறும் வாரம் இரண்டு பேரும் ஒன்றாகக் காணாமல் போவார்கள், அன்றைக்கு எல்லாருக்கும் பரோட்டாக் கடைதான். ஞாயிறு கறி எடுக்கிறார்கள், எல்லாரும் கூடிச் சமைக்கிறார்கள்.

புதன்கிழமை அரிசிம்பருப்பு. ஆறு பேருக்கு அரிசி 600 கிராம், துவரம்பருப்பு 200 கிராம், சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு இருபது பல், மிளகு சீரகம் தட்டிப் போட்டு, அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு மூன்று பங்கு தண்ணி. இதை ஐந்து லிட்டர் குக்கரில் வைத்தால் விசில் வழியாகப் பருப்புத் தண்ணி பொங்கி அடுப்பெல்லாம் வழியும், ஏனென்றால் அரிசி, பருப்பு வைக்கும்போது குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. இங்கே ஏழரை லிட்டர் வைத்திருக்கிறார்கள். மாவும் வீட்டிலேயே: இட்லி அரிசி ஒரு கிலோ, உளுந்து கால் கிலோ, இரண்டு நாள் காலைக்குத் தாங்கும். இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் என்பதால் உளுந்தைத் தனியாகவும் அரிசியை இரண்டு ஈடாகவும் ஆட்ட வேண்டும். ஒரே ஈடாகத் தள்ளினால் கல் சுற்றாது, பெல்ட்டும் போகும்.

பணக்கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்றாம் தேதி ஆளுக்கு ஒரே தொகை ஒருவர் கணக்குக்குப் போகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ், பினாயில் எல்லாம் அதில். கறி, முட்டை தனி, சாப்பிடுகிறவர் மட்டும் கொடுப்பார். சைவக்காரரிடம் கோழிக்குப் பங்கு கேட்பதில்தான் பல வீட்டில் சண்டையே ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் கோடு போட்ட நோட்டில் தேதி, பொருள், ரூபாய், வாங்கியவர் இனிஷியல், அவ்வளவே.

கரண்ட்தான் நுணுக்கமான இடம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101-இலிருந்து 200 வரைக்கான குறைந்த விலை கிடைக்காது. அந்த நூறு யூனிட்டுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு விலை விழும். ஒரு ரூமில் ஒன்றரை டன் ஏசி இருக்கிறது. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஏழெட்டு யூனிட், இரண்டு மாசத்தில் 400-க்கு மேல். அந்த ரூம் யூனிட்டைத் தனியாகக் காட்ட சப் மீட்டர் போட்டிருக்கிறார்கள், நல்லது. ஆனால் அந்த யூனிட்டைச் சராசரி விலையில் கணக்கிடுகிறார்கள். அது மற்ற நாலு பேருக்கு நஷ்டம். ஏசி இல்லாமல் பில் எவ்வளவு வந்திருக்கும் என்று பார்த்து, மிச்சத்தை முழுவதும் ஏசி ரூம் ஏற்பதுதான் நியாயம்.

தண்ணி இரண்டு வகை. குழாயில் நல்ல தண்ணி தினமும் வராது. வரும் நாளில் கீழ்த்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டும். மறந்தால் மாடியிலிருந்து "கண்ணு, தொட்டி வழியுது பாரு" என்று குரல் வரும். குளிக்கத் துவைக்க போர்வெல் உப்புத் தண்ணி. கீசர் ராடில் வெள்ளையாக உப்புப் படிந்துவிடுகிறது, சூடேற நேரமாகிறது, கடைசியில் ராடே கருகும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

குறைகள்: ஆறு பேருக்கு இரண்டு பாத்ரூம், காலை ஏழிலிருந்து எட்டரை வரை வரிசை. போர்டிகோவில் நாலு வண்டிதான் நிற்கும். விருந்தாளி இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கினால் சாப்பாட்டுக் காசு கொடுக்க வேண்டும். எனக்கு இது சரியாகவே படுகிறது.

அட்வான்ஸ் விஷயத்தில் கவனம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாதவரை, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். இங்கே ஒப்பந்தம் இரண்டு பேர் பெயரில்தான். மற்ற நால்வரும் தங்கள் பங்கை முன்பு இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள். கைமாறிய அந்தப் பணத்துக்குச் சீட்டு கிடையாது. சேருவதாக இருந்தால் தொகை, தேதி, ஆறு பேர் கையெழுத்தோடு ஒரு தாள் எழுதி, வீட்டுக்கார அம்மாவிடமும் ஒரு நகல் கொடுத்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு புதன்கிழமை ராத்திரி போய் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.