ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகளை விடலாம்?

மகள் பேங்க் வேலைக்குப் போகிறாள், பாட்டிக்கு மூட்டு வலி, பால்வாடியில் ரெண்டு வயசு ஆகட்டும் என்கிறார்கள். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பக்கத்துத் தெரு அக்கா வீட்டில் பிள்ளையை விடுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அந்த அக்கா எத்தனை பேர் வரை சேர்க்கலாம்?

நம் நாட்டு அரசுக் கணக்கு தாராளமானது. தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்று வைத்தது. ஆறு மாதக் குழந்தையும் ஆறு வயதுப் பையனும் இதில் ஒரே தலைக்கணக்கு. மேற்பார்வையும் ஆள் பலமும் உள்ள காப்பகத்துக்குச் சரி. ஒரே ஆள் அடுப்பையும் பார்த்துக்கொண்டு நடத்தும் வீட்டுக்கு ஒத்துவராது.

இங்கிலாந்து கறார். வீட்டில் பிள்ளை பார்ப்பவரிடம் 8 வயதுக்குட்பட்டவர்கள் 6 பேர். அதில் சின்னஞ்சிறுசுகள் (ஏறக்குறைய ஐந்து வயது வரை) 3, ஒரு வயது நிரம்பாதது பொதுவாக ஒன்றே ஒன்று. சொந்தப் பிள்ளையும் கணக்கில் உண்டு. இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்மூரில் "என் பொண்ணை விட்டுட்டு அஞ்சு பேர்தாங்க" என்பார்கள். அந்தப் பொண்ணுக்கும் சோறு ஊட்டத்தான் வேண்டும். ஆனால் கைக்குழந்தையையும் சேர்த்து மூன்றே சிறுசு என்றால் வருமானம் கட்டாது. ஒன்று கட்டணம் ஏறும். இல்லை, யாருக்கும் தெரியாமல் கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

கலிஃபோர்னியாவின் கணக்கு வளைந்து கொடுக்கும். தனி ஆளிடம் ரெண்டு வயதுக்குட்பட்டவர்கள் (அங்கே கைக்குழந்தை என்றால் இவர்கள்தான்) மட்டும் என்றால் 4 பேர். வயது கலந்து இருந்தால் 6, அதில் கைக்குழந்தை 3க்கு மேல் கூடாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ரெண்டு பேராவது இருந்து, இன்னும் சில நிபந்தனைகளும் சரியாக இருந்தால் 8 வரை போகலாம். அப்போது கைக்குழந்தை 2தான். பெரிய உரிமம் வாங்கி உதவியாளர் வைத்தால் 12, நிபந்தனையோடு 14. டெல்டா டவுன்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சாயங்காலம் பள்ளி விட்டதும் அண்ணன்காரனும் அதே வீட்டுக்கு வந்து பையைப் போடுவான். அவனுக்கும் கணக்கில் இடம் வேண்டும்.

ஒன்று மட்டும் இதில் சேர்ப்பேன். இங்கே பழைய வீடுகளில் கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் தவழும் பிள்ளைக்கு அது பத்தடி தூரம். கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் 3 பேரே அதிகம். அது மட்டுமல்ல, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. கூரை என்ன, வெளியேற வழி எத்தனை என்று பார்க்காமல் தலையை மட்டும் எண்ணி என்ன பயன்?

கிராமத்தில் கதை வேறு. நூறு நாள் வேலைச் சட்டம் (2005), வேலைத்தளத்துக்கு 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 5 பேரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்குக் கூலியும் தரச் சொன்னது. நடவு வயலுக்கு அப்படி எதுவும் இல்லை; வரப்போர மரத்தில் தூளி கட்டுவார்கள், காவலுக்கு ஏழு வயசு அக்கா.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் காலையில் போகாமல் மத்தியானம் ஒரு மணிக்குப் போங்கள். சோறு ஊட்டுகிற நேரம். தூளி எத்தனை தொங்குகிறது, அடுப்படியில் அக்கா நிற்கும்போது கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.