இரண்டாம் நாளுக்காக மட்டும் மறுபடியும் கூப்பிடுவேன்: ஒரு கவுன்சில் பயிற்சியைப் பற்றி

போன மாதம் அக்கா மகள் நெதர்லாந்திலிருந்து போன் செய்தாள். அவள் ஒரு சின்ன நகராட்சியில் வேலை பார்க்கிறாள். சுற்றுலா வருபவர்களுக்கு வீட்டைச் சில நாட்கள் வாடகைக்கு விடுகிறவர்களைப் பதிவு செய்வது பற்றி 2024/1028 என்ற எண்ணில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. 2026 மே 20 முதல் நடைமுறை. அதற்கு நகராட்சியைத் தயார்ப்படுத்தித் தருகிறோம் என்று மூன்று நிறுவனங்கள் விலை சொல்லியிருக்கின்றனவாம். "யாரை எடுக்கலாம் சித்தி? நீங்கதான் இதையெல்லாம் ஒரு தடவை பார்த்தவங்களாச்சே" என்றாள்.

அந்த மூன்று பேரையும் எனக்குத் தெரியாது. ஆனால் 2009-இல் எங்களுக்கு இதே மாதிரி வேலை செய்துகொடுத்த ஒரு நிறுவனத்தைப் பற்றி நன்றாகவே தெரியும். நான் அப்போது லண்டனின் மேற்கு ஓரத்தில் ஒரு பரோ கவுன்சிலில் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகளைப் பரோ என்பார்கள்), லைசென்ஸ் பிரிவில் இருந்தேன். கவுன்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்குவதிலிருந்து அதற்கு முடிவு எழுதுவது வரை எல்லாம் செய்திருக்கிறேன். அவளுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதுகிறேன். உள்ளாட்சியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அது இன்னும் நடக்கிறதா என்பதுகூட இங்கே முக்கியமில்லை.

அப்போது வந்தது சேவைகள் பற்றிய ஐரோப்பிய ஆணை, எண் 2006/123. 2006 டிசம்பர் 12-இல் நிறைவேறியது. 2009 டிசம்பர் 28-க்குள் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் கொண்டுவர வேண்டும் என்று மூன்று வருடம் கெடு. பிரிட்டனில் அதற்கான விதிகள் சரியாக அந்தக் கடைசி நாளில்தான் நடைமுறைக்கு வந்தன. அது ஒரு திங்கள்கிழமை, கிறிஸ்துமஸை ஒட்டிய அரசு விடுமுறை. ஆக, மறுநாள் காலை கதவைத் திறக்கும்போதே எங்கள் படிவங்கள் எல்லாம் புது விதிக்குப் பொருந்தியிருக்க வேண்டும்.

ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் போய்த் தொழில் செய்ய, கடை போட, சேவை கொடுக்க, தேவையில்லாத தடை எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் சாரம். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பாதி எங்கள் மாதிரி கவுன்சில்களின் அலமாரியில்தான் இருந்தது. தெருக்கடை, மசாஜ் நிலையம், செல்லப்பிராணிக் கடை, நாய் விடுதி, மது விற்கும் கடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு கட்டணம், ஒரு வழக்கம். அத்தனையையும் எடுத்துப் பார்த்து, "இந்த நிபந்தனை எதற்கு" என்று நியாயம் எழுத வேண்டும். விண்ணப்பத்தை இணையம் வழியாக வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும். பதில் சொல்ல எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எங்கள் பிரிவில் இருந்ததே ஒன்பது பேர். அதனால் வெளியிலிருந்து ஆள் எடுத்தோம். இரண்டு நாள் பயிற்சி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வார இடைவெளி, மொத்தம் 1,400 பவுண்ட்.

முதல் நாள் வீண். திரையில் படம் மாற்றிக்கொண்டே ஒருவர் பேசினார். 2004-இல் ஐரோப்பிய ஆணையத்தின் உறுப்பினர் போல்கெஸ்டைன் முன்வைத்த முதல் வரைவு, அதில் இருந்த, தொழில் செய்பவருக்கு அவருடைய "சொந்த நாட்டு விதியே போதும்" என்ற கொள்கை, போலந்துக் குழாய் வேலைக்காரர் வந்து எல்லார் வேலையையும் பிடுங்கிக்கொள்வார் என்று பிரான்சில் எழுந்த பயம், 2005-இல் பிரஸ்ஸல்ஸ் தெருவில் நடந்த பேரணி, கடைசியில் அந்தக் கொள்கையையே எடுத்துவிட்டது. சுவாரசியமான கதைதான். ஆனால் அதுவே மதிய உணவு வரை ஓடியது. எங்களுக்கு இருந்தது பத்து வாரம். கையில் தீர்க்காத படிவம் இருபதுக்கு மேல். அன்றைக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரு பக்கப் பட்டியல் மட்டும்தான்: எதெல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று. சூதாட்டம், போக்குவரத்து, மருத்துவம், நிதிச் சேவை, தனியார் காவல் இதெல்லாம் வெளியே. அதைப் பார்த்ததும் பந்தயக் கடைகளின் கோப்பை மூடி ஓரமாக வைத்தோம். அதற்கே ஒரு வார வேலை மிச்சம்.

இரண்டாம் நாள் வேறு ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. முன்பு வேறொரு கவுன்சிலில் எங்களைப் போலவே லைசென்ஸ் வேலை பார்த்தவராம். திரையைச் சுருட்டச் சொன்னார். "உங்கள் படிவங்களைக் கொண்டுவாருங்கள், வெள்ளைத் தாளில் அச்சடித்து" என்றார். மேசை முழுக்கப் பரப்பினோம்.

முதலில் எடுத்தது மசாஜ், நகப் பராமரிப்பு, பச்சை குத்துவது போன்றவற்றுக்கான சிறப்புச் சிகிச்சை லைசென்ஸ் படிவம். பதினொரு பக்கம், 64 கேள்வி. கையில் ஒரு சிவப்புப் பென்சில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றே விஷயம் கேட்டார். எதற்காகக் கேட்கிறீர்கள்? எந்தச் சட்டம் கேட்கச் சொல்கிறது? இதையே வேறு யாரிடமாவது அவர் ஏற்கனவே நிரூபித்திருக்கிறாரா? அறையில் இருக்கும் ஒருவராலும் பதில் சொல்ல முடியாவிட்டால் சிவப்புக் கோடு. "இந்த பரோவில் எத்தனை வருடமாக வசிக்கிறீர்கள்" என்று ஒரு கேள்வி. எங்களில் இருபது வருட அனுபவம் உள்ள ஒருவர், "எப்போதும் கேட்போம்" என்றார். அந்த அம்மா எதுவும் பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் ஆளே, "சரி, எடுத்துவிடலாம்" என்றார். இந்தச் சட்டப்படி குடியிருப்பை வைத்தோ குடியுரிமையை வைத்தோ ஆளைத் தடுக்க முடியாது. அது பதினான்காம் பிரிவு. முதல் நாளும் அதைத் திரையில் படித்தோம்தான், ஆனால் எங்கள் படிவத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

அடுத்தது சான்றிதழ். "அசல் அல்லது சான்றளித்த நகல், சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்புடன், தபாலில்" என்று எழுதியிருந்தோம். ஐந்தாம் பிரிவு இதைத் தொடுகிறது. இன்னொரு உறுப்பு நாட்டில் கொடுத்த ஆவணம் அதே விஷயத்தைக் காட்டுகிறது என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டும், தக்க காரணம் இல்லாமல் அசலோ சான்றளித்த மொழிபெயர்ப்போ கேட்கக் கூடாது. இந்த வரிக்கு வந்தபோது எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. அதே வருடம் வசந்தத்தில் லிதுவேனியாவிலிருந்து வந்த ஒரு பெண், மசாஜ் பயிற்சிப் பட்டயத்தோடு என் கவுன்டருக்கு மூன்று தடவை வந்தார். முதல் தடவை மொழிபெயர்ப்பு இல்லை. இரண்டாவது தடவை மொழிபெயர்ப்பு இருந்தது, முத்திரை இல்லை. மூன்றாவது தடவை எல்லாம் இருந்தது, ஆனால் அவர் வாடகைக்குப் பேசி வைத்திருந்த அறை கைவிட்டுப் போயிருந்தது. நான் விதிப்படிதான் செய்தேன். அந்த விதியை யார், எதற்காக எழுதினார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து சிவப்புக் கோடு விழுவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு 64 கேள்வி 38 ஆகியிருந்தது. அந்த ஒரு படிவத்தைப் பார்த்தே மற்றதை நாங்களாகச் செய்யக் கற்றுக்கொண்டோம்.

இன்னொன்றும் செய்தார். மதியம் தேநீர் குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்: "போன வியாழன் மாலை 4.50-க்கு உங்களுக்கு ஒரு விண்ணப்பம் போட்டேன். வறுத்த செஸ்ட்நட் விற்கும் தள்ளுவண்டி. அது இப்போது எங்கே இருக்கிறது?" ஒருவருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் தேடியதில், பிரசவ விடுப்பில் போயிருந்த ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியில் கிடைத்தது. ஏழு நாளாகத் திறக்கவே இல்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், புதுச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவில் ஒரு ஏற்பாடு உண்டு. நம் பழமொழியே தான், மௌனம் சம்மதம். அறிவித்த கெடுவுக்குள் கவுன்சில் பதில் சொல்லாவிட்டால், லைசென்ஸ் கொடுத்துவிட்டதாகவே அர்த்தம். பொதுநலன் காரணமாக இந்த ஏற்பாடு வேண்டாம் என்றால் அதைத் தனியாக நியாயப்படுத்தி முன்பே அறிவித்திருக்க வேண்டும். ஆக, திறக்காத பெட்டியில் கிடக்கும் ஒரு விண்ணப்பம், யாரும் பார்க்காமலேயே லைசென்ஸ் ஆகிவிடும். அன்றைக்கே பொதுப் பெட்டி ஒன்று திறந்தோம், பார்ப்பதற்கு இரண்டு பேர் போட்டோம், வந்த தேதியும் கெடுத் தேதியும் எழுதச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். நான் வேலையை விடும் வரை அந்தப் பலகை அங்கேதான் இருந்தது.

மது விற்கும் கடைகளின் விண்ணப்பத்திலும் அவர் சொன்னது நடந்தது. அதுவரை கடைக்காரரே போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், திட்டமிடல் என்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாக உறை போட்டு நகல் அனுப்ப வேண்டும். ஒரு உறை தவறினால் எல்லாம் முதலிலிருந்து. இணையத்தில் விண்ணப்பித்தால் நகல் அனுப்பும் பொறுப்பு கவுன்சிலுடையது என்று மாறியது. அந்த வேலைக்கு இப்போதே ஆள் ஒதுக்குங்கள் என்று எச்சரித்திருந்தார். எங்கள் பகுதியில் மூலைக்கடை நடத்தும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் எவ்வளவு அலைச்சலைக் குறைத்தது என்று நேரில் பார்த்தேன்.

இனி குறை. பெரிய குறை. கட்டணம் பற்றி இரண்டு நாளிலும் சேர்த்து அவர்கள் பேசியது பத்து நிமிடம்கூட இல்லை. "செலவுக்கு மேல் வாங்காதீர்கள்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் ஆணையில் அனுமதி நடைமுறைக்கு ஆகும் செலவு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் செலவு வேறு, அப்புறம் வருடம் முழுக்கக் கண்காணிக்கும் செலவு வேறு. இரண்டையும் சேர்த்து முதலிலேயே வாங்கலாமா என்ற கேள்வியை அன்று அறையில் யாரும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அந்தக் கேள்வியை லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகர கவுன்சில் மேல் சோஹோ பகுதி செக்ஸ் கடைக்காரர்கள் போட்ட வழக்கு எழுப்பியது. 2011-12-இல் அங்கே ஒரு கடையின் லைசென்ஸ் கட்டணம் 29,102 பவுண்ட். அதில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஆனது 2,667 பவுண்ட் மட்டும். மீதி 26,435 நிர்வாகத்துக்கும் கண்காணிப்புக்கும். லைசென்ஸ் மறுத்தால் மீதியைத் திருப்பிக் கொடுப்பார்கள். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல், லைசென்ஸ் கிடைத்த பிறகு கண்காணிப்புச் செலவை வாங்குவதில் தவறில்லை என்றது. முதலிலேயே வாங்கிப் பிறகு திருப்பித் தரலாமா என்பதை மட்டும் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2016 நவம்பர் 16-இல் பதில் வந்தது: கூடாது. திருப்பித் தருவதாக இருந்தாலும் முன்கூட்டி வாங்கக் கூடாது.

நாங்களும் அதே மாதிரி ஒரே தொகையாக வாங்கிக்கொண்டிருந்தோம். 2017 முழுக்க ஒவ்வொரு கட்டணத்தையும் இரண்டாகப் பிரிக்கும் வேலை. யார் எத்தனை மணி நேரம் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்ற கணக்கே எங்களிடம் இல்லை. 2009-இலேயே நேரக் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தால் கையில் எட்டு வருடக் கணக்கு இருந்திருக்கும். சட்டத்தின் வரி அன்றைக்கும் அதேதான், படித்தும் அழுத்திச் சொல்லவில்லை. இதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இன்னொரு குறை சின்னது. வேறு நாட்டு அலுவலகத்திடம் விவரம் கேட்க ஐ.எம்.ஐ. என்று ஒரு ஏற்பாடு உண்டு. கேள்விகள் முன்பே எல்லா மொழியிலும் மொழிபெயர்த்து வைத்திருப்பார்கள், நாம் தேர்ந்தெடுத்து அனுப்பினால் அவர்கள் மொழியில் போய்ச் சேரும். மிகவும் பயனுள்ள கருவி. பெயரைச் சொன்னார்கள், பயன்படுத்திக் காட்டவில்லை.

பிரெக்சிட்டுக்குப் பிறகும் அந்த 2009 விதிகள் திருத்தங்களோடு பிரிட்டனில் இருக்கின்றன. அக்கா மகளுக்கு நான் முக்கியமாகச் சொன்னது அவள் நாட்டு வழக்கு ஒன்றைத்தான். குரோனிங்கன் பகுதியில் அப்பிங்கெடாம் என்று சின்ன ஊர். ஊருக்கு வெளியே உள்ள வணிக வளாகத்தில் பெரிய சாமான் மட்டும்தான் விற்கலாம் என்று நகராட்சி திட்டத்தில் எழுதியிருந்தது. அங்கே செருப்பும் துணியும் விற்கும் கடைக்கு இடம்விட நினைத்தவர் வழக்குப் போட்டார். 2018 ஜனவரி 30-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: கடை வியாபாரமும் சேவைதான், எல்லாம் ஒரே நாட்டுக்குள் நடந்தாலும் இந்த ஆணை பொருந்தும். ஊர் மையம் காலியாகிவிடாமல் காப்பது நியாயமான காரணமாக இருக்கலாம், ஆனால் நிபந்தனை அளவுக்கு மீறக் கூடாது. ஒரு செருப்புக் கடைக்காக நகரத் திட்டமே கேள்விக்கு வந்தது. பயிற்சிக்குத் திட்டமிடல் பிரிவு ஆட்களையும் உட்கார வைக்கச் சொன்னேன். நாங்கள் லைசென்ஸ் பிரிவு மட்டும் உட்கார்ந்தோம்.

அவளிடம் சொன்ன மற்றவை: மூன்று நிறுவனங்களிடமும், வருகிற ஆள் எந்த நகராட்சியில் எத்தனை வருடம் விண்ணப்பம் வாங்கியிருக்கிறார் என்று கேள். சட்ட வரலாற்றுக்கு அரை மணிக்கு மேல் நேரம் கொடுக்காதே. உங்கள் சொந்தப் படிவத்தை மேசையில் வைத்து வேலை செய்வார்களா என்று எழுதி வாங்கு. கட்டணத்துக்கு அரை நாள் ஒதுக்கச் சொல். எங்களுக்கு வந்த அந்த அம்மா மாதிரி ஒருவர் கிடைத்தால், ஒரு நாளுக்கு 1,400 பவுண்ட் கேட்டாலும் கொடுக்கலாம். சின்ன ஊர் என்றால் பக்கத்து நகராட்சிகள் இரண்டைச் சேர்த்துக்கொண்டு செலவைப் பிரித்துக்கொள்ளலாம். படிவங்கள் எப்படியும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாகத்தான் இருக்கும்.