மெம்டெஸ்ட்86 பிளஸ்: வொர்க்ஸ்டேஷன் மேல சந்தேகம் வந்தா முதல்ல ஓட விட வேண்டியது இதைத்தான்

வொர்க்ஸ்டேஷன் காரணமே தெரியாம ரீஸ்டார்ட் ஆகுது, ரெண்டர் பாதியில நின்னு போகுது, புளூ ஸ்கிரீன் வந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற பேருல எரர் வருதுன்னா, விண்டோஸை அழிச்சு மறுபடி போடுறதுக்கு முன்னாடி தயவு செஞ்சு ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 பிளஸ் ஓட விடுங்க. என் ரேட்டிங் 5க்கு 4.5. கம்ப்யூட்டரோட ராமை (மெமரியை) டெஸ்ட் பண்ற ஃப்ரீ சாஃப்ட்வேர், ஓப்பன் சோர்ஸ், மொத்தமே சில எம்பி தான், ஒரு பழைய பென் டிரைவ் போதும்.

இது நேத்து வந்த டூல் இல்ல. கிரிஸ் பிரேடி 1994ல எழுதின மெம்டெஸ்ட்86 தான் மூலம், அதுலேர்ந்து பிரிஞ்சு வந்தது தான் இந்த பிளஸ். நடுவுல பல வருஷம் அப்டேட் இல்லாம கிடந்துச்சு, புது யூஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலா வந்த ஃபர்ம்வேர்) மெஷின்கள்ல பூட்டே ஆகாது, அதனால நிறைய பேரு இதை மறந்தே போயிட்டாங்க. 2022ல வெர்ஷன் 6 வந்தப்போ கிட்டத்தட்ட புதுசாவே எழுதிட்டாங்க, இப்போ யூஈஎஃப்ஐ, டிடிஆர்5 ராம் எல்லாம் ஓகே. கிட்டத்தட்ட இதே பேருல பாஸ்மார்க் கம்பெனி விக்கிறது வேற, அதோட ஃப்ரீ எடிஷன் 4 பாஸோட (எல்லா டெஸ்ட்டும் ஒரு சுத்து முடிஞ்சா ஒரு பாஸ்) நின்னுரும், இதுல அந்த மாதிரி லிமிட் கிடையாது, நீங்களா நிறுத்துற வரைக்கும் ஓடும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், ஓஎஸ் எதுவும் இல்லாம தானே பூட் ஆகுறது தான். விண்டோஸ் ஓடிட்டு இருக்கும்போது அதுக்குள்ள இருந்து ராமை டெஸ்ட் பண்ற டூலுக்கு விண்டோஸ் விட்டுக்கொடுத்த மெமரி மட்டும் தான் கிடைக்கும், விண்டோஸ் உக்காந்திருக்கிற இடத்தை அது தொடவே முடியாது. இது கொஞ்சூண்டு இடத்துல உக்காந்துக்கிட்டு மத்ததெல்லாம் டெஸ்ட் பண்ணும், அப்புறம் தன்னையே வேற இடத்துக்கு நகத்திக்கிட்டு, முன்னாடி உக்காந்திருந்த இடத்தையும் டெஸ்ட் பண்ணிரும். ஒரு பேட்டர்னை மெமரி முழுக்க எழுதி, திரும்பப் படிச்சு, அப்படியே தலைகீழா மாத்தி எழுதி, கீழேர்ந்து மேல ஒரு தடவை மேலேர்ந்து கீழ ஒரு தடவைன்னு போகும். கடைசி டெஸ்ட்டுல எழுதிட்டு கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு மறுபடி படிச்சுப் பாக்கும், சார்ஜ் நிக்காம கசியுற செல் அதுல தான் மாட்டும்.

எரர் வந்தா எப்படி இருக்கும்னு சொல்றேன். நீல ஸ்கிரீன்ல ஒரு வரி வரும், எந்த அட்ரஸ், என்ன வரணும், என்ன வந்துச்சுன்னு. வரவேண்டியது எஃப் எஃப் எஃப்னு வரிசையா நிக்கும், வந்ததுல நடுவுல ஒரே ஒரு எஃப் மட்டும் பி ஆகியிருக்கும். அவ்வளவு தான். 1111 இருக்க வேண்டிய இடத்துல 1011, அதாவது ஒரே ஒரு பிட் போச்சு. இந்த ஒரு பிட்டுனால தான் ஒரே பெரிய ஃபைலுக்கு ரெண்டு தடவை செக்சம் (ஃபைல்ல இருக்கிறதை வெச்சுக் கணக்குப் போட்ட ஒரு எண்) எடுத்தா ரெண்டு விதமா வருது, ஜிப் ஃபைல் கரப்ட்னு சொல்லுது, நேத்து கம்பைல் ஆன கோடு இன்னைக்கு கம்பைலர் கிராஷ் ஆகி நிக்குது. கிராஷ் ஆனா கூட பரவாயில்ல, தெரிஞ்சுரும். கிராஷ் ஆகாம தப்பான டேட்டாவை டிஸ்க்ல எழுதி, அதையே பேக்கப்பும் எடுத்து வெச்சிருந்தா என்ன பண்றது? அதனால தான் இந்த விஷயத்துல நான் இவ்வளவு பிடிவாதமா பேசுறேன்.

"மெஷின்லயே டயக்னாஸ்டிக்ஸ் இருக்கே" ன்னு கேப்பீங்க. இருக்கு, டெல்னா பூட் ஆகும்போது எஃப்12, எச்பினா எஃப்2 அழுத்தினா வரும், ஃபேன், டிஸ்க், கேபிள் எல்லாம் பாக்க அது நல்லாவே உதவும், வாரண்டில பேசும்போது அதுல வர்ற எரர் கோடைத் தான் கேப்பாங்க, அதனால அதையும் ஓட்டிருங்க. ஆனா குயிக் டெஸ்ட் சில நிமிஷத்துல பச்சை டிக் போட்டுச்சுன்னா ராம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. சர்வீஸ் ஆளு ஒருத்தர் எங்கிட்ட அந்த டிக்கைக் காட்டி "சாஃப்ட்வேர் பிரச்சனை சார், ஃபார்மட் பண்ணிக்கோங்க"ன்னு கேஸை மூடப் பாத்தாரு, மெம்டெஸ்ட் எரர் ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பினப்புறம் தான் ராமை மாத்திக் கொடுத்தாங்க. விண்டோஸோட சொந்த மெமரி டயக்னாஸ்டிக்கும் அப்படித் தான், சும்மா விட்டா ஸ்டாண்டர்ட் டெஸ்ட் ரெண்டு பாஸ் ஓட்டிட்டு முடிச்சுக்கும், எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் போட்டா தான் கொஞ்சமாவது தேறும்.

எத்தனை பாஸ் ஓட்டணும்? முதல் பாஸ் கொஞ்சம் சுருக்கமா தான் ஓடும், அது முடிஞ்சதும் பெருசா PASSனு, அதாவது தேறிருச்சுன்னு, போடுறதைப் பாத்து நிறுத்திறாதீங்க. 64 ஜிபி, 128 ஜிபி போட்ட மெஷின்ல ஒரு பாஸே மணிக்கணக்கா இழுக்கும், சாயங்காலம் போட்டுட்டு காலையில வந்து பாருங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர் தான், "ஒண்ணு தானே" ன்னு விடக் கூடாது.

எரர் வந்த உடனே ராம் போச்சுன்னு புதுசு வாங்கவும் ஓடாதீங்க. முதல்ல பயாஸ்ல எக்ஸ்எம்பி இல்லன்னா எக்ஸ்போ (ராமை ஸ்டாண்டர்ட் ஸ்பீடை விட வேகமா ஓட்டுற செட்டிங்) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க, ஏன்னா அது ஒரு வகையில ஓவர்கிளாக் தான், அந்த ஸ்பீடு எல்லா போர்டுலயும் நிக்கும்னு சொல்ல முடியாது. அப்பவும் எரர் வந்தா மெஷினை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டு, ஒரு ராம் ஸ்டிக்கை மட்டும் ஒரே ஸ்லாட்டுல போட்டு டெஸ்ட், அப்புறம் அடுத்த ஸ்டிக் அதே ஸ்லாட்டுல. எந்த ஸ்டிக்கோட எரரும் சேந்து போகுதோ அது தான் ஆளு. எல்லா ஸ்டிக்கும் ஒரு ஸ்லாட்டுல மட்டும் எரர் காட்டி மத்த ஸ்லாட்டுல சுத்தமா ஓடுச்சுன்னா ராம் மேல தப்பு இல்ல, போர்டு, சாக்கெட்ல வளைஞ்ச பின், இல்லன்னா கூலரை ஒரு பக்கம் மட்டும் ரொம்ப டைட் பண்ணிட்டாங்களான்னு பாக்கணும். பொறுமை வேணும் இதுக்கு, ஆனா வேற குறுக்கு வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அரை மார்க் குறைச்சது ஏன்னா, ரிசல்ட்டை ஃபைலா சேவ் பண்ணாது, நாமளே போட்டோ எடுத்துக்கணும். ராத்திரி கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. அதே மாதிரி டிஜிட்டலா சைன் பண்ணாத ஃபைலை எடுத்தீங்கன்னா மெஷினோட செக்யூர் பூட் பாதுகாப்பு அதை உள்ளயே விடாது, செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணணும். பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் என்கிரிப்ஷன்) போட்ட மெஷின்னா அதுக்கு முன்னாடி ரெக்கவரி கீயை கையில எடுத்து வெச்சுக்கோங்க, அடுத்த பூட்ல கேக்க வாய்ப்பு இருக்கு.

இன்னொண்ணு, இது மெமரியைத் தான் பாக்கும். சுத்தமா ஓடிருச்சு, இன்னும் கிராஷ் ஆகுதுன்னா சிபியு, பவர் சப்ளை, டிஸ்க்னு அடுத்து போகணும். இன்டெல் 13வது, 14வது ஜென் டெஸ்க்டாப் சிப்புகள்ல சிலது வோல்டேஜ் பிரச்சனையில கெட்டுப் போனது ஞாபகம் இருக்கும், அதுக்கு 2024 ஆகஸ்ட்ல மைக்ரோகோடு (சிப்புக்குள்ள ஓடுற அடிப்படை கோடு) அப்டேட் விட்டாங்க, ஏற்கனவே கெட்ட சிப்பை அது சரி பண்ணாது, மாத்தித் தான் ஆகணும். அந்த மாதிரி மெஷின்ல ராம் எவ்வளவு நல்லா இருந்தாலும் கிராஷ் ஆகும். டிஸ்க்குக்கு ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன்னைப் பத்தித் தானே வெச்சிருக்கிற கணக்கு) எடுத்து ரீஅலோகேட்டட் (கெட்டுப் போய் மாத்தின), பெண்டிங் (சந்தேகத்துல இருக்கிற) செக்டார் எண்ணிக்கை ஏறுதான்னு பாருங்க. சாட்டா டிஸ்க்ல சிஆர்சி எரர் (டேட்டா போக வர்ற வழியில நடக்கிற தப்பு) மட்டும் ஏறுச்சுன்னா டிஸ்க்கை விட்டுட்டு கேபிளை மாத்திப் பாருங்க.

இசிசி ராம் (தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்துற வசதி உள்ள ராம்) போட்ட வொர்க்ஸ்டேஷன் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பிட் தப்பை இசிசியே திருத்திரும், அதனால மெம்டெஸ்ட் ஸ்கிரீன் சுத்தமா இருந்தாலும் உள்ள ஸ்டிக் கெட்டுக்கிட்டு இருக்கலாம். லினக்ஸ்ல ராஸ்டீமன் (rasdaemon) போட்டு வைங்க, விண்டோஸ்னா ஈவென்ட் வியூவர்ல வீயா லாகர்னு (WHEA-Logger) தேடுங்க, திருத்தின எரரெல்லாம் அங்க பதிவாகும், ஒரே ஸ்டிக்குல திரும்பத் திரும்ப வந்தா வாரண்டி முடியுறதுக்குள்ள மாத்திருங்க. டிடிஆர்5ல ஆன்-டை இசிசின்னு போட்டிருக்கிறதை இதோட குழப்பிக்காதீங்க, அது சிப்புக்குள்ளயே நடக்கிற திருத்தம், சிப்புலேர்ந்து சிபியு வர்ற வழியில நடக்கிற தப்பு அதுக்குத் தெரியாது.