குரங்கா, பனிமலையா?

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் பட்டப்படிப்பு முடிக்கும் தம்பி தங்கைகள் ஆராய்ச்சிக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்கிறார்கள். விலங்கியல் படித்தவருக்குக் குரங்குகளின் நடத்தை, நிலவியல் படித்தவருக்குப் பனிமலைகளின் மாற்றம். இரண்டுமே நல்ல வழிதான்.

குரங்கு ஆய்வுக்கு முதலில் வேண்டியது நோட்டும் கடிகாரமும் பொறுமையும். பத்து நிமிடம் ஒரே குரங்கின்மேல் கண் வைத்து, அது என்ன தின்றது, யாருக்குப் பேன் பார்த்தது, யாரைக் கண்டு ஒதுங்கியது என்று குறிக்க வேண்டும். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் சண்டைபோடும் குரங்குகளே நோட்டை நிரப்பிவிடும்; ஓரமாக உட்கார்ந்திருப்பது காணாமல் போகும். இதைத் தவிர்க்கும் முறைகளைக் குரங்கின ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் தெளிவாக வகுத்தார். வண்டலூர் பூங்காவிலேயே பழகலாம், அப்புறம் வால்பாறை.

பனிமலைக்குச் செலவு அதிகம், உயரம் உடம்பை வாட்டும். இமாச்சலின் சோட்டா சிக்ரி பனியாற்றில் (மலையில் மெல்ல நகர்ந்து இறங்கும் பனிப்பாளத்தில்) மூங்கில் கம்புகளை ஆழமாக நட்டு, எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்தே உருகலைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல: சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினாவில் மணல் சேர்ந்ததும் ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் நமக்குத் தெரிந்த கதை. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதுதான் பனியாற்றிலும் கேள்வி.

கையில் காசில்லாமல் உடனே தொடங்கவேண்டும் என்றால், குரங்குதான் என்பேன். கரையரிப்பைப் போன்ற இந்த வரவு-செலவுக் கணக்கு மனதை உறுத்துகிறவர், பனிமலைக்காக டேராடூனில் இமயமலை நிலவியலை ஆராயும் வாடியா நிறுவனத்தில் விசாரிக்கலாம்.