பஞ்சு இல்லாத சீட்: சிங்கப்பூர் வெயிலிலும் மழையிலும் புரூக்ஸ் கேம்பியம் சி17

சைக்கிள் சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு புரூக்ஸ் நிறுவனத்தின் கேம்பியம் சி17 பிடிக்காது. அமுக்கினால் அமுங்காது. பஞ்சும் கிடையாது, ஜெல்லும் கிடையாது. கெட்டியான ரப்பர் தகடு ஒன்று, முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தூளிபோல, எஃகுக் கம்பிச் சட்டத்தின் மேல் நிற்கிறது. அதன் மேல் ஒரு மெல்லிய துணி. அவ்வளவுதான் சீட். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் தொடங்கி சாங்கி, பொங்கோல் என்று மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு, அகலம் பொருந்திவிட்டால், உட்காரும் இடத்துத் தொல்லைகளில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும். அகலம் பொருந்தாவிட்டால் எந்தப் பிராண்டும் காப்பாற்றாது.

மெத்தென்ற சீட்டில்தானே வலி குறைய வேண்டும்? முதல் அரை மணி நேரம் குறையும். நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். ஜெல் சீட்டில் அவை புதைந்து போகின்றன. புதைந்த இடத்திலிருந்து விலகிய ஜெல் நடுவில் மேடு கட்டி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் மென்மையான பகுதியைக் கீழிருந்து அழுத்துகிறது. ஒரு மணி நேரத்தில் அந்த இடம் மரத்துப்போவதற்கு இதுவே காரணம். சாதா சீட்டின் மேல் மாட்டும் ஜெல் உறை இன்னும் மோசம். உறை நகரும், தொடையை உரசும், வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லை கூடுதலாகத் தெரிவதற்குத் தனிக் காரணம் உண்டு. பெடலை எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அவ்வளவு எடை சீட்டிலிருந்து காலுக்கு மாறுகிறது. மேடு ஏறும்போது எழுந்து நின்றே மிதிக்கிறோம், உட்காரும் இடத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. இங்கே மேடு எங்கே இருக்கிறது? தீவின் உச்சியான புக்கிட் தீமாவே சுமார் 163 மீட்டர்தான். சைக்கிள் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். நடப்பவர்களும் குழந்தைகளும் இருக்கும் பாதையில் பெரும்பாலோர் 18, 20லேயே உருட்டிக்கொண்டு போகிறோம். கால் லேசாக மிதிக்க, முழுப் பாரமும் சீட்டில் இறங்குகிறது. சாங்கிக் கடலோரத்தை ஒட்டிய பாதை போல நேராக நீளும் இடத்தில் அசையாமலே உட்கார்ந்திருக்கிறோம். அதனால் சமதரையில் ஓட்டும் 60 கிலோமீட்டர், மலைப்பாதையின் 60 கிலோமீட்டரைவிடப் பின்பக்கத்தைப் பதம் பார்க்கும். எந்தச் சீட்டாக இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பத்துப் பதினைந்து விநாடி எழுந்து நின்று ஓட்டுவது அவசியம். கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு பாலத்தையும் ஒவ்வொரு திருப்பத்தையும் கணக்காக வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அகலம். சி17 சுமார் 162 மி.மீ அகலம். அதே வரிசையில் சி15 சுமார் 140 மி.மீ. எது உங்களுக்கு என்று கடைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ளலாம். நெளிவுள்ள அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கெட்டியான படிக்கட்டில் அல்லது மர ஸ்டூலில் வையுங்கள். மெல்லிய அரைக்கால் சட்டையோடு அதன் மேல் உட்கார்ந்து, சைக்கிள் ஓட்டும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, அரை நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை அளந்து, அதோடு 25 முதல் 30 மி.மீ கூட்டுங்கள். நிமிர்ந்து ஓட்டுகிறவர் கூடுதல் எண்ணையும், ரேஸ் சைக்கிளில் நன்றாகக் குனிபவர் 20 மி.மீ போலக் குறைந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டிய அளவு 140ஐத் தாண்டி 150, 160 என்று வந்தால் சி17. சீட்டின் ஓரங்கள் கீழே வளைந்து இறங்குவதால், எலும்பு ஓரத்தில் உட்காரும்படி அளவைக் கடைசிவரை இழுக்கக் கூடாது. ஆள் பருமனாக இருந்தால் அகலச் சீட், ஒல்லியாக இருந்தால் குறுகல் என்பது வெறும் ஊகம். எலும்பின் இடைவெளிக்கும் உடம்பின் பருமனுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

இதன் ரப்பர் செயற்கை அல்ல, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இயற்கை ரப்பர். இத்தாலியில் செய்து வருகிறது என்றாலும், மரம் எந்த ஊர்க் கதை என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1877ல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 கன்றுகள் வந்து சேர்ந்தன. பின்னர் அங்கே இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதற்குப் பிறகு மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பங்கு யார் என்பதும் தெரிந்த கதைதான்.

கடையில் இதே நிறுவனத்தின் பி17 தோல் சீட்டையும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். நூறாண்டுக்கும் மேலாக விற்கும் சீட் அது, அழகில் அதற்கு ஈடில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் தோல் உட்காருபவரின் வடிவத்துக்கே குழிந்து கொடுக்கும். ஆனால் சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரி 171 நாள் மழை. நனைந்த தோல் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் தோல் நிரந்தரமாகத் தொய்ந்துவிடும். சீட்டின் முன்முனையான மூக்கின் அடியில் இருக்கும் திருகை இறுக்கித் தொய்வை ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. உறை போட்டு ஓட்டலாம். மடக்கி வைத்த உறையை, மழை வந்த பிறகு தேடுவதுதான் வழக்கம். ஓட்டாமல் வீவக அடுக்குமாடி வீட்டு நடைவழியில் மூன்று வாரம் நிறுத்தி வைத்தால் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். இன்னொன்று, தோல் மாட்டுத்தோல். அதற்குப் பூச நிறுவனம் விற்கும் மெழுகிலும் விலங்குக் கொழுப்பு இருக்கிறது. இதைப் பொருட்படுத்துகிற வீடுகளில் இது சின்ன விஷயம் அல்ல. கேம்பியத்துக்கு மெழுகும் வேண்டாம், திருகு இறுக்கலும் வேண்டாம். அதே சமயம் தோல்போல அது பழகிக் குழியவும் குழியாது. முதல் வாரம் எப்படி இருக்கிறதோ அதேபோலத்தான் மூன்றாவது ஆண்டிலும். ஆகவே ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அது பி17க்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

மேல் துணி இரண்டு விதம். பழைய வகை பருத்தி, ‘ஆல் வெதர்’ என்று எழுதியிருப்பது நைலான். இங்கே இரண்டாவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். பருத்தி நனைந்தால் காய நேரமாகும், வேர்வைக் கறையும் படியும். இரண்டுக்கும் பொதுவான குறை, பரப்பு சற்றே சொரசொரப்பு. வழுக்காது என்பது அதன் நன்மை, உரசும் என்பது விலை. நடுவில் கெட்டித் தையல் ஓடும் ஜீன்ஸோ பருத்தி அரைக்கால் சட்டையோ போட்டு 50 கிலோமீட்டர் ஓட்டினால், தொடை இடுக்குத் தோல் உரிந்துவிடும். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வேண்டும், அதன் உள்ளே ஜட்டி கூடாது. பேட் வைத்திருப்பது மெத்தைக்காக மட்டும் அல்ல, தோலையும் ஈரத்தையும் பிரிக்கத்தான். ஜட்டியின் தையல் அந்த வேலையைக் கெடுக்கிறது. ஷார்ட்ஸைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள், அது இழைகளை மூடிக்கொண்டு வேர்வையை உள்ளேயே நிறுத்தும்.

உரசலைக் குறைக்கப் பூசும் கிரீமில் விரல்நுனி அளவு போதும். இரண்டு எலும்பு முனைகளின் மேலும் தொடை இடுக்கிலும் தடவி, பேடிலும் கொஞ்சம். வாசலின் மலிவு, ஆனால் துணியிலிருந்து எளிதில் போகாது. நம் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 சதவீதத்துக்கும் மேல். வேர்வை காயாது, வழியத்தான் செய்யும். ஈரம், உரசல், கிருமி மூன்றும் சேரும்போது வேர்க்குருவில் தொடங்கி மயிர்க்கால் சீழ்ப்பிடித்துக் கட்டியாகிறது. ஓட்டி முடித்து சாங்கி வில்லேஜில் நாசி லெமாக்குக்கு உட்கார்ந்து, அதே ஈர ஷார்ட்ஸில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதுதான் இதற்கு உரம். மாற்று உடை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு முதலில் அதை மாற்றுங்கள், சாப்பாடு எங்கும் போகாது. கட்டி வந்துவிட்டால் பிதுக்காதீர்கள், ஓட்டத்தை நிறுத்துங்கள். பெரிதானாலும் காய்ச்சல் கண்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய சீட்டைக் கழற்றும் முன், பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கேம்பியத்தின் உயரமும் பழைய சீட்டின் உயரமும் ஒன்றாக இருக்காது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டை அப்படியே விட்டால் கால் நீளக் கணக்கு மாறிவிடும். புதிதாக அளப்பவர், தொடை இடுக்கிலிருந்து தரைவரையான நீளத்தை 0.883ஆல் பெருக்கலாம். 80 செ.மீ என்றால் 70.6 செ.மீ. தொடக்கப் புள்ளி இதுதான், முடிவு முழங்கால் சொல்வது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது அல்லது மிகவும் முன்னால் இருக்கிறது. பின்பக்கம் இழுத்தால் உயரம் அதிகம். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுவது தெரிந்தாலும் அதே காரணம். ஒரு தடவைக்கு 3 மி.மீக்கு மேல் மாற்றாமல், இரண்டு மூன்று ஓட்டம் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம் செய்யுங்கள்.

சாய்வை முதலில் மட்டமாக வையுங்கள். கைப்பேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியைச் சீட்டின் மேல் ஒரு தட்டையான புத்தகம் வைத்துப் பயன்படுத்தலாம். நடுவில் அழுத்துகிறதே என்று மூக்கைக் கீழே இறக்குவது எல்லோரும் செய்யும் முதல் தவறு. இரண்டு டிகிரிக்கு மேல் இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கும், அதைத் தடுக்க இரண்டு கையும் ஹேண்டில்பாரில் முட்டுக்கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போகும். அங்கே நசுங்குவது உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு. இதற்காக ஜெல் கையுறை, தடித்த பிடி என்று காசு செலவழிக்கிறார்கள். சீட்டின் மூக்கை ஒரு டிகிரி தூக்கினால் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி பெரும்பாலும் டயர். 28 மி.மீ டயரில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு பூங்கா இணைப்புப் பாதையின் செங்கல் பதித்த இடங்களில் ஓட்டினால், எந்தச் சீட்டும் கையும் தாங்காது. 70 கிலோ ஆளுக்கு 70, 75 போதும்.

ரயில் எனப்படும் சீட்டின் அடிக்கம்பிகள் 7 மி.மீ உருண்டை, அவற்றைச் சீட் போஸ்டோடு பிடிக்கும் சாதாரண கிளாம்ப் எல்லாவற்றிலும் பொருந்தும். ஆனால் நேராக இருக்கும் பகுதி பல சீட்டுகளைவிடக் குட்டை. பின்னால் தள்ள நினைத்தால் இடம் போதாது. அப்படிப்பட்டவர்கள் பின்னால் வளைந்த சீட் போஸ்ட் வாங்க வேண்டியிருக்கும். பின்னால் தள்ளியதும் ஹேண்டில்பார் எட்டாமல் கழுத்தும் தோளும் வலிக்கத் தொடங்கினால், ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெமைக் குட்டையாக்க வேண்டும். கிளாம்ப் போல்ட்டை அதில் பொறித்திருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கே இறுக்குங்கள். சில மாதங்களில் கிறீச்சிட்டால் பெரும்பாலும் வேர்வை உப்புதான். கழற்றித் துடைத்து, கம்பி பிடிக்கும் இடத்தில் மெல்லிசாக கிரீஸ் பூசினால் நிற்கும்.

நடுவில் நீளப் பிளவு விட்ட ‘கார்வ்ட்’ வகையும் உண்டு. அகலமும் சாய்வும் சரியாக இருந்தும் மரத்துப்போகிறவர்கள் அதை எடுக்கலாம். ரப்பர் நடுவில் இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழைநாளில் பின்சக்கரத்துத் தண்ணீர் அந்தப் பிளவு வழியாக நேராக மேலே வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குனிந்து வேகமாக ஓட்டுகிற ரேஸ்காரர்களுக்கு சி17 வேண்டாம், தொடை ஓரங்களில் இடிக்கும், எடையும் அதிகம். தட்டையான ஹேண்டில்பார், டூரிங் சைக்கிள், மடக்கு சைக்கிள் இவற்றுக்கே இது பொருத்தம். பிராம்ப்டன் மடக்கு சைக்கிள்காரர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் சொந்தச் சீட்டின் மூக்கடியில், மடக்கித் தூக்குவதற்கு விரல் பிடிக்கும் இடம் ஒன்று இருக்கும். கேம்பியத்தில் அது இல்லை, ரப்பர் ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். பொங்கோல் வரை ஓட்டிவிட்டு ரயிலில் திரும்புகிறவர், வாங்கும் முன் கடையிலேயே மாட்டச் சொல்லி, மடக்கி, நான்கு படி தூக்கி ஏறிப் பார்த்துவிடுவது நல்லது.